சட்டை மாற்றிய கிருமியும் கத்தம் ஓதப்பட்ட உம்மாவும்

மகன், உனக்கு ஸலாம். நான் மௌத்தாகி ஒரு வருஷம் ஆகிறதாம். கப்ருக் குழியில் வசதி எப்படி என்று நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். கரண்ட் இருக்கிறது, பைப்பில் தண்ணீர் வருகிறது, பின்வீட்டுக் கோழி வழக்கம்போல என் கீரைப்பாத்தியைக் கிளறிவிட்டுப் போகிறது. தையல் மெஷினுக்கு மட்டும் புது பெல்ட் போட வேண்டும். மற்றப்படி மௌத்து வாழ்க்கை சுகம்தான், யாரும் கடன் கேட்டு வருவதில்லை. இங்கே கேள்வி கேட்கிற வானவர்கள் முன்கர், நக்கீர் இன்னும் வரவில்லை. வந்தால் கேள்விகளை உன்னிடம் கேட்கச் சொல்லி உன் போன் நம்பரைக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். நீ எடுக்கமாட்டாய் என்பது அவர்களுக்கும் தெரியட்டும்.

நீ என்னைக் கொன்ற செய்தி எனக்குச் சாறா ராத்தா மூலம் வந்தது. மருதமுனையில் நம் ஒழுங்கையின் கடைசி வீட்டுச் சாறா ராத்தா, கலியாணம், கத்தம் என்று எந்த ஊரில் பெரிய சட்டி ஏறினாலும் சமைக்கப் போகிறவர். அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து, வெற்றிலையைக்கூட வாயில் போடாமல் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார். அக்கரைப்பற்றில் ஒரு வீட்டில் வருஷக் கத்தமாம், சமைக்கக் கூப்பிட்டிருக்கிறார்களாம், மாப்பிள்ளையின் உம்மாவுக்காகக் குர்ஆன் ஓதி ஊருக்குச் சாப்பாடு கொடுக்கிறார்களாம். நல்ல பிள்ளைகள் என்றேன். ராத்தா சிரிக்கவில்லை. “மாப்பிள்ள மருதமுனையாம். மௌத்தான ஆள்ர பேரக் கேட்டன். உன்ட பேருடி” என்றார். நான் கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். பிறகு சிரிப்பு வந்தது. உனக்குத் தெரியுமே, எனக்குச் சிரிப்பு வந்தால் நிற்காது. உன் வாப்பாவின் மையத்து வீட்டிலேயே சிரித்தவள் நான். ராத்தாவுக்குப் பயம் வந்து என் முதுகில் தட்டினார்.

உன் கலியாணத்துக்கு என்னைக் கூப்பிடாததை நான் பெரிதாக எடுக்கவில்லை. சின்னக் கலியாணம், பெண் வீட்டுக்காரர் கொஞ்சப் பேர்தான், வாப்பாவின் தம்பி சாச்சா வந்து நின்றால் போதும், பிறகு ஒருநாள் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நீ சொன்னாய். நம்ம பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிபோகிறவன், பெற்றவள் வாசலில் நின்று அனுப்பிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்த வேண்டியதுதான் என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன். உனக்கு ஒரு தங்கச்சி இருந்திருந்தால் என் வீட்டுக்கும் ஒரு மாப்பிள்ளை வந்திருப்பான். அல்லாஹ் ஒரே ஒரு பிள்ளையைத் தந்தான், அதுவும் உன்னைத் தந்தான். அவனுக்கும் என்னோடு பகிடிதான். அந்தச் சின்னக் கலியாணத்தில் உன் சாச்சா எழுந்து நின்று, “எங்கட மச்சி இதக் காணாமப் போய்ச் சேந்துட்டா” என்று என்னை நினைத்துக் கண்ணைத் துடைத்தாராம். என் காணியின் எல்லைக்கம்பியைத் தள்ளிப்போட்டபோது வராத கண்ணீர் அவருக்கு அங்கே வந்திருக்கிறது.

என் வருத்தத்தின் கதை, இந்த நோயின் கதை, உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் இப்போது அதை வேறு மாதிரிச் சொல்கிறாய். உன் வாப்பா வெளிநாட்டில் லொறி ஓட்டினார். விசா புதுப்பிக்க எடுத்த இரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கிறதென்று, அறையில் இருந்த சாமானை எடுக்கவும் விடாமல் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். வந்து கொஞ்ச நாள் இருந்து போய்ச் சேர்ந்தார். எனக்கும் இருக்கிறது என்று தெரிந்ததும் ஊர்ப் பெண்கள் தைக்கத் தந்த துணிகளைத் திருப்பி எடுக்க வந்தார்கள். வெட்டாத துணியை எடுத்துப்போனார்கள். வெட்டிய துணியை என்னிடமே விட்டுவிட்டார்கள். அதைத்தான் பிறகு தைத்து கல்முனைக் கடை ஒன்றுக்குக் கொடுத்தேன். இன்றைக்கு அந்தப் பெண்கள் அதே கடையில் என் கையால் தைத்த அபாயாவைக் கூடின விலைக்கு வாங்கிப் போட்டுக்கொண்டு, என் வாசலைக் கடக்கும்போது மறுபக்க ஓரமாக நடக்கிறார்கள். பின்னாலிருந்து பார்த்தால் தையல் நல்லாக இருக்கிறது. நீ வாப்பா வெளிநாடு போக முன்னமே பிறந்தவன். உன் இரத்தம் சுத்தம் என்று டொக்டர் சொன்ன அன்று நான் ஆஸ்பத்திரிப் படியில் இருந்து சிரித்த சிரிப்பில், காவலாளி வந்து தண்ணீர் தந்தார்.

நீ இரத்தம் சோதிக்கிற படிப்பைப் படித்ததே அதனால்தான் என்று எல்லாரிடமும் பெருமை அடித்தவள் நான். லீவில் வந்தபோது, நான் அபாயா வெட்டும் பழுப்புக் கடதாசியில் நீ படம் கீறினாய். உனக்குச் சொல்லித்தரத் தெரியும் மகன், அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எனக்கே விளங்கியது. இந்தக் கிருமி தனியாக இருந்து ஒன்றும் செய்யாது, இரத்தத்தில் இருக்கிற காவல் கலங்களுக்குள்ளே, செல் என்கிறார்களே அவற்றுக்குள்ளே, நுழைந்தால்தான் அதற்குப் பிழைப்பு. நுழைவதற்கு அதன் மேற்சட்டையில் கொக்கிகள் இருக்கின்றன. கலத்தின் சுவரில் கண்கள் இருக்கின்றன. ரவிக்கைக் கொக்கியும் கண்ணும் மாதிரித்தானே என்று கேட்டேன், நீ துள்ளிக்கொண்டு ஓம் உம்மா, அப்படியேதான் என்றாய். முதலில் கொக்கி ஒரு கண்ணில் மாட்ட வேண்டும், அது இந்தக் கிருமியின் எல்லா வகைக்கும் பொது. மாட்டியதும் சட்டை கொஞ்சம் நெளிந்து, உள்ளே மறைந்திருந்த இரண்டாவது கொக்கி வெளியே வரும். அந்த இரண்டாவது கொக்கிக்குத்தான் இரண்டு விதமான கண்கள் இருக்கின்றன. ஒன்றின் பெயர் சி.சி.ஆர். ஐந்து, மற்றது சி.எக்ஸ்.சி.ஆர். நான்கு. எழுத்தெல்லாம் எனக்கு நிற்கவில்லை, ஐந்தாம் வாசல், நாலாம் வாசல் என்று வைத்துக்கொண்டேன். ஒருவருக்கு முதன்முதலில் தொற்றுகிற கிருமி பெரும்பாலும் ஐந்தாம் வாசலால்தான் போகும் என்றாய்.

அப்போது ஒரு கேள்வி கேட்டேன், நினைவிருக்கிறதா? வாசல் தெரிந்துவிட்டதே, பூட்டிவிட்டால் என்ன? நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய், பெருமைச் சிரிப்பு. அந்த ஐந்தாம் வாசலைப் பூட்டுகிற மருந்து இருக்கிறது, ஆனால் கிருமி லேசுப்பட்டதல்ல என்றாய். அது தன்னைத்தானே பிரதி எடுக்கும்போது பிழை விடும். கண் தெரியாத தையல்காரன் மாதிரி, ஒரே அளவுக் கடதாசியை வைத்துத் தைத்தாலும் ஒவ்வொரு சட்டையிலும் ஏதாவது ஒன்றை மாற்றிப்போடும். அந்தப் பிழைகளில் அநேகமானவை சட்டையைக் கெடுத்துவிடும், அது செத்துப்போகும். ஆனால் இரண்டாவது கொக்கியின் நுனியில் ஒரு சின்ன வளைவு இருக்கிறதாம், அந்த இடத்தில் ஓரிரு தையல் மாறினாலே போதும், கொக்கி ஐந்தாம் கண்ணை விட்டு நாலாம் கண்ணில் மாட்டத் தொடங்கிவிடும். பிறகு ஐந்தாம் வாசலை எத்தனை பூட்டுப் போட்டுப் பூட்டினாலும் அதற்குக் கவலையில்லை. நாலாம் வாசல் இருக்கிற கலங்கள் வேறு, அவற்றுக்குள்ளும் புகுந்து நாசம் பண்ணும், காவல் இன்னும் கெதியாகக் குறையும். வெள்ளைக்காரரில் சிலர் அந்த ஐந்தாம் வாசலே இல்லாமல் பிறக்கிறார்கள் என்றும் சொன்னாய். நம்மட ஊரில் அப்படி ஆட்கள் இல்லையா என்று கேட்டேன். இல்லை உம்மா என்றாய். உன்னை நீயே எண்ணாமல் விட்டுவிட்டாய், மகன். நீயும் ஏதோ ஒரு வாசல் இல்லாமல்தான் பிறந்திருக்கிறாய். பெற்றவள் நான், எனக்கே இவ்வளவு காலம் தெரியவில்லை.

அன்றைக்கே நான் கேட்டது இன்னொன்றும் இருக்கிறது. ஒரே சஹன் தட்டில் ஆறு பேர் கையைப் போட்டுச் சாப்பிட்டால், ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடித்தால்? சோற்றிலும் எச்சிலிலும் அது ஆளுக்கு ஆள் தாவாது, விரல் தோலில் அதற்கு வாசல் கிடையாது என்று நீ சொன்னாய். சொல்லிவிட்டு, நான் பாதி தின்று வைத்திருந்த வாழைப்பழத்தை எடுத்துத் தின்றாய். அந்தப் பழம் தின்ற வாயால்தான் பிறகு நுளம்பு கடித்து நான் மௌத்தான கதை சொல்லியிருக்கிறாய்.

உன் கலியாணப் பேச்சு வந்த காலத்தில் ஒருநாள் நீ வந்தாய். இடியப்பமும் சொதியும் வைத்தேன், மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாய். கை கழுவிவிட்டு, பெண்ணின் மாமா நான் மருந்தெடுக்கிற ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறார், கலியாணம் முடியும் வரைக்கும் கிளினிக் பக்கம் போகவேண்டாம் என்றாய். மருந்துக்கு என்ன செய்ய என்று நான் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. வீட்டில் கொஞ்சக் குளிசை இருந்தது. அதை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டேன். பிறகு பாதியாக உடைத்துப் போட்டேன். சீனி முடியப்போகிற மாதத்தில் தேத்தண்ணிக்குச் சீனியைக் குறைக்கிறதில்லையா, அப்படி நினைத்தேன். அதை நீ சொல்லவில்லை, என் சொந்த மூளை. கலியாணம் முடிந்தும் கிளினிக்குக்குப் போகலாம் என்று நீ சொல்ல மறந்துவிட்டாய், நானும் மகன் சொல்லட்டும் என்று மடச்சி மாதிரிக் காத்திருந்தேன். மருந்தை இப்படி அரைகுறையாகக் கொடுத்தால் கிருமி சாகாது, அந்த மருந்துக்குப் பழகித் தேறிவிடும் என்று டொக்டர் பிறகு விளங்கப்படுத்தினார். காய்ச்சல் வந்து, வாயெல்லாம் வெள்ளை படர்ந்து, சாறா ராத்தா என்னை முச்சக்கரவண்டியில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோனபோது டொக்டர் என்னைத் திட்டினார். பெண் டொக்டர், நல்ல பிள்ளை, திட்டும்போது கண் கலங்கிவிட்டது. அவரைத் தேற்றியது நான்.

பழைய மருந்துகள் இனிச் சரிவராது, வேறு சிலது என் சிறுநீரகத்துக்கு ஒத்துக்கொள்ளாது, வாசலைப் பூட்டுகிற அந்த மருந்தைப் பார்க்கலாமா என்று டொக்டர் யோசித்தார். அதைக் கொடுக்க முன்னம் என் கிருமி எந்த வாசலால் போகிறது என்று பார்க்க வேண்டும், அந்தச் சோதனையை வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் செய்யவேண்டும் என்றார். நான் கொக்கி, கண், நாலாம் வாசல் என்று தொடங்கியதும் அவர் பேனாவை வைத்துவிட்டுப் பார்த்தார். “இதெல்லாம் ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்தது?” என்று கேட்டார். என்ட மகன், இரத்தப் பரிசோதனை படித்தவன் என்றேன். என் மகன் என்று சொல்லும்போது என் கழுத்து எப்படி நிமிரும் என்று உனக்குத் தெரியாது, நீ அதைப் பின்னாலிருந்து பார்த்ததில்லை. ரிப்போர்ட் வந்தது. கொக்கியின் நுனி மாறிவிட்டது. என் கிருமிக்கு இப்போது இரண்டு வாசலும் தெரியும். அந்த மருந்து எனக்கில்லை. அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று உனக்குப் போன் எடுத்தேன். அடுத்த நாளும் எடுத்தேன். உனக்கு வேலை என்று நினைத்தேன். மௌத்தானவளின் நம்பரில் இருந்து போன் வந்தால் பெண் வீட்டில் என்ன சொல்வாய் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. பாவம் நீ, எத்தனை முறை பொக்கெட்டைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாயோ.

சாறா ராத்தா கத்தக் கதையோடு வந்தது அதற்குப் பிறகுதான். என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள், வெங்காயம் உரிக்கிறேன் என்றேன். ராத்தா நெஞ்சில் கை வைத்தார். உன் மாமியார் வீட்டில் யாரும் என் முகத்தைக் கண்டதில்லை, உன்னிடம் என் படமும் கிடையாது என்பதால் எனக்குப் பயமில்லை. நான் தைத்ததிலேயே நல்ல அபாயாவைப் போட்டுக்கொண்டேன். தன் கத்தத்துக்குப் போகிறவள் பழசைப் போட்டுக்கொண்டா போவாள்?

வீடு அழகாகக் கட்டியிருக்கிறார்கள், மகன். மகளுக்கென்று கட்டிய வீடு, சுவருக்குச் சுவர் டைல்ஸ். நாங்கள் பின்பக்கத்தால் போய் சமையல் கொட்டிலில் இருந்தோம். மூட்டை வெங்காயத்தைக் கொட்டிவிட்டு உரிக்கத் தொடங்கியபோது, ஒரு பிள்ளை கத்தியோடு வந்து என் பக்கத்தில் பாயில் இருந்தாள். புதுப்பெண் வெங்காயம் உரிக்க வருவாள் என்று நான் நினைக்கவில்லை, அது உன் மனைவி என்று ராத்தா கண்ணால் காட்டித்தான் தெரிந்தது. மெலிந்த பிள்ளை, சிரித்தால் ஒரு கன்னம் மட்டும் குழிகிறது. நீங்கள் மருதமுனையா என்று கேட்டாள். ஓம் என்றேன்.

“அப்ப எங்கட மாமியத் தெரியுமா?”

“தெரியும் புள்ள.”

“எப்பிடி ஆள்?”

“வாய் கொஞ்சம் நீளம்” என்றேன். “ஆனா நல்லாத் தைப்பா.”

அவள் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள், அது வெங்காயம் என்று நினைத்தேன், வெங்காயம் இல்லை. மாமியைக் காணக் கிடைக்கவில்லையே என்று தனக்கு மனவருத்தமாம். டெங்குக் காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டாவாம், மகன் பக்கத்திலேயே இருந்து பார்த்தானாம், மகனின் மடியில்தான் கலிமாச் சொன்னாவாம். என் கடைசி நேரத்தை இவ்வளவு நல்லாக வைத்ததற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும். வாயில் வெள்ளை படர்ந்த அந்தக் காய்ச்சலில் நான் அறையில் விழுந்து கிடந்தபோது எனக்குத் தண்ணீர் தர ஆள் இருக்கவில்லை, நீ செய்த கதையில் மடியே கிடைத்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மாமிக்கு யாசீன் ஓதுகிறேன் என்று உன் மனைவி சொன்னாள். இந்தக் கத்தமும் அவள் ஆசைப்பட்டு வைத்ததாம், நீ வேண்டாம் வேண்டாம் என்றாயாம், செலவென்று பார்க்கிறார் என்று அவள் நினைத்திருக்கிறாள். நான் மௌத்தான தேதியையும் சொன்னாள். அது எந்த நாள் என்று எனக்கு உடனே தெரிந்தது. நீ என் இடியப்பத்தை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கிளினிக் பக்கம் போகாதே என்று சொல்லிப்போன நாள். சரியான தேதியைத்தான் கொடுத்திருக்கிறாய்.

முன்பக்கம் ஓதி முடிந்து துஆத் தொடங்கியது. ஒலிபெருக்கியில் ஆலிம்சா என் பெயரைச் சொன்னார், முன்னால் மௌத்தானவளுக்குப் போடுகிற மர்ஹூமாவையும் சேர்த்து. என் கப்ரை விசாலமாக்கி வைக்கச் சொல்லிக் கேட்டார். கொட்டிலில் இருந்த பெண்கள் கையேந்தி ஆமீன் சொன்னார்கள். நானும் சொன்னேன், உரத்துத்தான் சொன்னேன். நல்ல துஆவை ஏன் விடவேண்டும்? சாறா ராத்தா அடுப்புப் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கினார், அழுதாரா சிரித்தாரா என்று இன்றுவரை கேட்கவில்லை.

அப்போதுதான் நீ வந்தாய். ஆண்களின் பக்கத்துக்குச் சஹன் தூக்க, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கொட்டில் வாசலில் நின்றாய். சதை போட்டிருக்கிறாய். என்னைக் கண்டாய். நான் முக்காட்டை இழுக்கவில்லை, உன்னையே பார்த்தேன். உன் வாய் திறக்கும், உம்மா என்று வந்துவிடும், எல்லாம் கெட்டுப்போகும், இந்தப் பிள்ளையின் சிரிப்பும் போய்விடும் என்று நான் பயந்தேன். உனக்காகப் பயந்தேன், மடச்சி. நீ சாறா ராத்தாவைப் பார்த்து, என்னைப் பாராமல், ஒரு பார்சல் கேட்கிற குரலில் சொன்னாய்: “ராத்தா, அந்த ஆளுக்குச் சாப்பாட்டக் கட்டிக் குடுத்து அனுப்புங்க.”

அந்த ஆள். இருபத்தெட்டு வருஷம் உம்மா என்று கூப்பிட்ட வாய். எனக்குக் கோபம் வரவில்லை, மகன். உள்ளே எதுவோ கழன்று, தேடித்தேடி வேறொன்றில் மாட்டிக்கொண்டது மாதிரி இருந்தது. ஏனென்றால் நீ சஹனைத் தூக்கிக்கொண்டு திரும்ப முன்னமே உன் மனைவி என் முழங்கையைப் பிடித்துவிட்டாள். “ஏன் கட்டிக் குடுக்கணும்? விடியக் காலத்தால இருந்து கண்ணெரிய உரிச்ச ஆள். என்ட சஹன்ல இருக்கட்டும்” என்றாள். உன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும், எனக்கு அந்தச் சந்தோஷம் மிச்சமாகியிருக்கும்.

ஒரே சஹனில் ஆறு பேர் இருந்தோம். ஒரு பக்கம் உன் மனைவி, எதிரில் உன் மாமியார். என் கத்தச் சோற்றை நானே சாப்பிட்டேன். மாட்டிறைச்சி நல்ல பதம், சாறா ராத்தா கை. உன் மாமியார் நல்ல மனிசி, நான் கூச்சப்படுகிறேன் என்று நினைத்து நல்ல துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளிவிட்டா. உன் மனைவி தன் கையால் சோற்றைப் பிசைந்து என் பக்கம் சேர்த்தாள். என் விரல் பட்ட இடத்தில் அவர்களின் விரல் பட்டது. நீ முன்பக்கத்தில் சாப்பாடு இறங்காமல் இருந்திருப்பாய். படித்தவன் நீ, சஹனால் ஒன்றும் தாவாது என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் இறங்கியிருக்காது. அதுதான் எனக்கு வட்டிலப்பத்தைவிட இனித்தது.

இனி உனக்குப் புத்திமதி. பெற்றவள் கடிதம் எழுதினால் புத்திமதி இருக்க வேண்டுமே. மனைவி வீட்டில் குடியிருக்கிறவன் கறியில் உப்புக் குறை சொல்லக்கூடாது. மாமியாருக்கு முன்னால் காலை நீட்டி இருக்கக்கூடாது. யாரையாவது மௌத்தாக்க விரும்பினால், சமைக்கிறவர்களை உள்ளூரில் பிடிக்க வேண்டும், மருதமுனையில் இருந்து கூப்பிடக்கூடாது. நாளைக்கு உனக்கு ஒரு மகன் பிறந்தால் அவனை நல்லாகப் படிக்க வை, ஆனால் கொக்கியும் கண்ணும் மட்டும் படிக்க வைத்துவிட்டு நிறுத்திவிடாதே. நான் அப்படித்தான் நிறுத்திவிட்டேன். உனக்கு உடுப்பு, புத்தகம், ஹொஸ்டல் என்று தைத்துத் தைத்து அனுப்பினேன். கல்முனைச் சந்தையில் நான் எதிரே வந்தால் நீ சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவதை முதன்முதலில் கண்ட அன்று உன் காதைத் திருகியிருக்க வேண்டும். பிள்ளைக்கு வெட்கம், வளர்ந்தால் சரியாகும் என்று விட்டேன். உன் வெட்கமும் உன்னோடு சேர்ந்து வளர்ந்து, பட்டம் எடுத்து, கலியாணமும் முடித்துவிட்டது.

டொக்டர் என்னைக் கைவிடவில்லை. இன்னும் வழி இருக்கிறது, வேறு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கலாம், எந்த வாசலால் போகிற கிருமியானாலும் அந்த மருந்துகள் உள்ளே போய்ப் பிடிக்கும் என்றார். ஆனால் இந்த முறை ஒரு வேளையும் தவறக்கூடாது, தொடக்கத்தில் தலை சுற்றும், வாந்தி வரும், பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும், வீட்டு ஆள் ஒருவரைக் கட்டாயம் கூட்டி வாருங்கள், அவருக்கும் சொல்லித்தர வேண்டும் என்றார். மகன் ஒருவன் இருக்கிறானே என்று அவரே நினைவூட்டினார். இருக்கிறான் டொக்டர், நான்தான் இல்லை என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

இதைக் கவரில் போட்டு உனக்கு அனுப்பினால் கிழித்துப்போடுவாய் என்று தெரியும். அதனால் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டேன். எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள், வேறு ஒன்றையும் திருத்தவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பெயர் யாருக்கும் போடவில்லை, ஊர் இரண்டும் பெரிய ஊர்கள், சனம் ஆளுக்கு ஆள் சந்தேகப்பட்டுக்கொண்டு இருக்கட்டும். ஆனால் வெள்ளிக்கிழமை நீ ஜும்ஆவுக்குப் போன பிறகு, வீடு அமைதியாக இருக்கிற நேரத்தில், இந்தப் பத்திரிகையை முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிப்பது உன் மனைவியின் பழக்கமாம். அவளே சொன்னாள். ஆகவே நீ இதைக் காண்கிற நேரத்துக்கு அவள் வாசித்து முடித்திருப்பாள். உன்னோடு கதை முடிந்தது, மகன். நீ எழுந்து அப்பால் போ. நான் என் மருமகளோடு கதைக்க வேண்டும்.

மகள், வெங்காயம் உரித்த அந்த ஆள்தான் கதைக்கிறேன். முதலில் உன் உம்மாவிடம் சொல், அந்தச் சஹனால் யாருக்கும் ஒன்றும் வராது. என் சொல்லை நம்பவேண்டாம், உன் மாமாவிடமே கேட்கச் சொல், அவர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர். நீ ஓதிய யாசீன்களைப் பற்றிக் கவலைப்படாதே, அவற்றுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அவனோடு சண்டை பிடிப்பதும் பிடிக்காததும் உன் விருப்பம். வீடு உன்னுடையது, துரத்தினாலும் உனக்குச் சட்டம் இருக்கிறது. துரத்துவதானால் என்னிடம் அனுப்பவேண்டாம், என் வீட்டில் இப்போதைக்கு ஆண்பிள்ளைகள் யாரையும் ஏற்கவில்லை. திங்கட்கிழமை காலையில் உன் மாமாவின் ஆஸ்பத்திரியில் எனக்குக் கிளினிக். டொக்டர் கேட்ட வீட்டு ஆளாக யாரைச் சொல்வது என்று யோசித்துப் பார்த்தேன், உன்னைத் தவிர எனக்கு ஒருவரும் வரவில்லை. நீ வராவிட்டால் நான் உன்னைக் குறை சொல்லமாட்டேன், மருந்தும் தொடங்காது, அவ்வளவுதான். வருவதானால், ஆஸ்பத்திரிப் படியில் முகத்தை மூடாமல் நிற்பேன். கிட்ட வந்து பார்க்கவேண்டும் என்றில்லை. தூரத்தில் நின்று மாமி என்று கூப்பிடு, நான் திரும்பிப் பார்ப்பேன்.